எள்ளு விதைக்கிறவருக்கு மானியம் வரும் வழி

நெல்லுக்குப் பசளை மானியம் ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய் என்று வானொலிச் செய்தியில் வந்த அன்றைக்கே கொழும்பிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் தொலைபேசியில் எடுத்துவிட்டார். "பிறகென்ன, உங்களுக்கெல்லாம் அரசாங்கம் காசு தருகுதாமே?" எங்கள் பக்கம் ஹெக்டேயர்க் கணக்கில் வயல் வைத்திருப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் யாரிடம் கேட்டாலும் பரப்பு என்கிற அளவில்தான் சொல்வார்கள். 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய 39.5 பரப்பு. 25,000 ரூபாயை அப்படிப் பிரித்தால் பரப்புக்கு 630 ரூபாய் அளவில் வரும். பத்துப் பரப்புச் செய்கிறவருக்கு 6,300. இதைச் சொன்னதும் மற்றப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

குறைசொல்ல இதை எழுதவில்லை. ஆறாயிரமும் காசுதான். ஆனால் எள்ளு, கச்சான் (நிலக்கடலை) என்று எண்ணெய் வித்துப் போடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் காசு எந்த வழியால் வருகிறது, எங்கே தட்டுப்படுகிறது என்பது வெளியிலிருந்து பார்த்தால் விளங்காது. வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர்களும், அரசாங்க வேலைக்காகக் காத்திருந்து களைத்த பிள்ளைகளும் இப்போது கமத்துக்கு வருகிறார்கள். அவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எள்ளின் கதை. எங்கள் வயலில் நெல் ஒரு போகம்தான், மழையை நம்பிய காலபோகம். புரட்டாதி, ஐப்பசியில் விதைத்து, தை, மாசியில் வெட்டுவோம். வெட்டிய கையோடு, நிலத்தில் ஈரம் நிற்கும்போதே உழுது எள்ளை விசிறிவிட வேண்டும். ஒரு கிழமை பிந்தினாலும் மேல் மண் காய்ந்துவிடும், பாதி முளைக்காது. தனி எள்ளாக விசிறினால் ஒரே இடத்தில் கொட்டுப்படும் என்பதால் மணலோடு கலந்து விசிறுவோம். ஹெக்டேயருக்கு 7 கிலோ விதை என்பது விவசாயத் திணைக்களத்தின் சிபாரிசு. நம் கணக்கில் பரப்புக்கு 200 கிராமும் வராது. பசளை பெரும்பாலும் கிடையாது. நெல்லுக்குப் போட்டதில் மிஞ்சியதைத் தின்று, மிஞ்சிய ஈரத்தைக் குடித்து, மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும். இடையில் தண்ணீர் தேங்காமல் இருந்தால் சரி. எள்ளுக்கு வறட்சியைவிடத் தேங்கி நிற்கிற ஈரம்தான் எதிரி.

இப்படிப் பசளையே கேட்காத பயிருக்கு மானியம் எப்படி வரும்? இந்த நாட்டில் கமக்காரருக்கு மானியம் என்றாலே அது பசளை மானியம்தான். பசளை மானியம் என்றால் முதலில் நெல்தான். 2005 இல் 50 கிலோ மூடை 350 ரூபாய்க்கு என்று வந்தது நெல்லுக்குத்தான். 2016 இல் மூடையை விட்டுவிட்டுக் காசாக வங்கிக்குப் போட்டார்கள், அதுவும் நெற்காணிக் கணக்கில். பிறகு திரும்பவும் மூடை. 2021 இல் இரசாயனப் பசளையையே நிறுத்தி, அந்த வருடக் கடைசியில் தடையை எடுத்தார்கள். அந்தப் போகத்தில் நெல் மஞ்சளாகி நின்றதை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. அதன்பிறகு மறுபடியும் காசு. ஹெக்டேயருக்கு 15,000 ஆக இருந்ததை 2024 இல் 25,000 ஆக்கினார்கள். உச்சம் 2 ஹெக்டேயர். இடையிடையே சோளம், மிளகாய், வெங்காயம் என்று வேறு பயிர்களின் பெயரும் கூடச் சேரும். எள்ளின் பெயரை நான் காத்திருந்து பார்த்தேன், வரவில்லை.

காப்புறுதியும் அப்படித்தான். இலவசப் பயிர்க் காப்புறுதி என்று வந்த திட்டத்தில் ஆறு பயிர்கள்: நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா, பெரிய வெங்காயம், மிளகாய். எண்ணெய் எடுக்கக்கூடிய சோயா உள்ளே இருக்கிறது. அதை எங்கள் பக்கம் போடுகிறவரை நான் கண்டதில்லை. நாங்கள் போடுகிற எள்ளும் கச்சானும் வெளியே. மானிய அலுவல் பார்க்கிற அரசாங்கக் கமநல நிலையத்தின் வாங்கில் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் இந்தப் பட்டியலை வாசித்துவிட்டுச் சொன்னார்: "எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை ஏன் காயுது எண்டு கேட்ட காலம் போச்சு தம்பி. இப்ப புழுக்கைக்குக் காப்புறுதி, எள்ளு வெளியில." சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை.

ஆகவே புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். எள்ளுக்காரருக்கு மானியம் நெல்லின் வாசலால்தான் வருகிறது. நெல்லுக்கு வாங்கிய பசளையில்தான் எள்ளும் வளர்கிறது. அதனால் மாசி மாதத்து எள்ளுக்கு வேண்டிய காகித வேலையை ஆவணி மாதமே, நெல் விதைக்க முன்னரே செய்து முடித்திருக்க வேண்டும். எள்ளு விதைக்கும்போது போய் நின்றால் அந்த வருடக் கதவு சாத்தியாகிவிட்டிருக்கும். வயலே இல்லாமல் மேட்டுக்காணியில் மட்டும் கச்சானோ எள்ளோ போடுகிறவருக்கு இந்த வாசலே கிடையாது. அவருக்கு வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

கமநல நிலையத்தில் உங்கள் வயல் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதில்தான் எல்லாமே தொங்குகிறது. கமநல அபிவிருத்திச் சட்டம் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம். அதன் கீழ் காணி இடாப்பு ஒன்று வைத்திருக்கிறார்கள். எந்தத் துண்டு, எவ்வளவு, யார் சொந்தக்காரர், யார் செய்கிறவர் என்று அதில் இருக்கும். காசு போவது செய்கிறவருக்கு. யாழ்ப்பாணத்தில் இதுதான் பெரிய முடிச்சு. காணி ஒருவரின் பெயரில், அவர் ரொறன்ரோவில். இடாப்பில் அவரின் தகப்பனின் பெயர், தகப்பன் எப்போதோ இறந்துவிட்டார். வயலில் நிற்பது மூன்றாவது ஆள்.

நான் செய்வதில் பாதி அப்பாவின் துண்டு. மற்றப் பாதி கனடாவில் இருக்கிற மாமியின் துண்டு. ஒருநாள் கமநல நிலைய உத்தியோகத்தர்ப் பிள்ளை மோட்டார் சைக்கிளை வீதியில் விட்டுவிட்டு, வரம்பால் நடந்து வந்தார். ஒரு கையில் குடை, மற்றக் கையில் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த நீட்டுக் கொப்பி. அதன் ஓரங்களெல்லாம் வியர்வையில் சுருண்டிருந்தன.

"அண்ணை, இந்தத் துண்டு ஆர் செய்யிறது?"

"நான்தான் பிள்ளை."

"இதில வேற பேரெல்லோ கிடக்கு."

"அது மாமியின்ர தகப்பன். அவர் மோசம் போய்க் கனகாலம்."

"அப்ப காசும் அவருக்குத்தான் போகும்," என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். பிறகு கொப்பியை மடித்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஆறுதலாகச் சொன்னார். சொந்தக்காரரின் கடிதம், காணி உறுதியின் பிரதி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், கமக்காரர் அமைப்பில் அங்கத்துவம், வயலுக்கான ஏக்கர் வரி கட்டிய பற்றுச்சீட்டு. இடத்துக்கு இடம் ஒன்று இரண்டு கூடிக் குறையலாம். போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வருவது நல்லது, வாய்ச் சொல்லை நம்பி அலையக்கூடாது.

இதில் மற்றதெல்லாம் லேசு. சொந்தக்காரரின் கடிதம்தான் பெரும்பாடு. மாமி வட்ஸ்அப்பில் முதலில் மழுப்பினா. கடிதம் தந்தால் காணி கைவிட்டுப் போய்விடும் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவவின் பயத்தைப் பகிடி பண்ண முடியாது. 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்திலிருந்தே குத்தகைக்குச் செய்கிறவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதைச் சொல்லிச் சொந்தக்காரர்கள் வயலைத் தரிசாகப் போட்டு வைத்திருப்பதும் உண்டு. நான் ஒளிக்காமல் பேசினேன். எந்தத் துண்டு, எந்தப் போகம், என்ன குத்தகை, மானியக் காசு செய்கிறவருக்கு என்று நாலு வரியில் எழுதி, அவவுக்குத் தெரிந்த நொத்தாரிசு ஒருவரிடம் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு போகத்துக்கும் புதிதாக எழுதுகிறோம். குத்தகைக் காசு பெரிதாக இல்லை. ஆனால் யாராவது கனடாவுக்குப் போகிறார்கள் என்றால் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் இரண்டு போத்தலும் எள்ளுப்பாவும் கட்டாயம் போக வேண்டும். போத்தலைப் பொலித்தீனில் நாலு சுற்றுச் சுற்றிச் சேலைக்குள் வைத்துக் கட்டுவது அம்மாவின் பொறுப்பு.

உறுதியில் இருக்கிற அளவையும் கவனியுங்கள். பழைய உறுதிகளில் லாச்சம் என்று இருக்கும். நெல்லுக்கு ஒரு லாச்சம், வரகுக்கு ஒரு லாச்சம், இரண்டும் ஒரே அளவு அல்ல. அதை அப்படியே ஏக்கராக மாற்றி எழுதினால் இடாப்பில் காணி சுருங்கவோ விரியவோ செய்யும். விரிந்தால் பிறகு கேள்வி வரும், சுருங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள், நட்டம் உங்களுக்கு. நில அளவையாளரின் வரைபடம் இருந்தால் அதைக் கொண்டு போங்கள். அதில் ஹெக்டேயரே எழுதியிருந்தால் மாற்றுகிற வேலை இல்லை.

அடுத்தது வங்கி. பக்கத்து வயல் அண்ணைக்கு இடாப்பு எல்லாம் சரி, பெயரும் பட்டியலில் சரி, காசு மட்டும் வரவில்லை. போய்ப் பார்த்தால் அடையாள அட்டையில் அவர் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டில் ஒரு எச் இருக்கிறது, வங்கிப் புத்தகத்தில் இல்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே பெயர். கணினிக்கு அது இரண்டு ஆட்கள். எங்கள் சனத்துக்கு இது புதிதல்ல, ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் தகப்பன் பெயரை வேறு வேறு எழுத்துக்கூட்டில் வைத்திருப்பார்கள். பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டையில் கணக்குத் திறந்துவிட்டுப் பிறகு 12 இலக்க அட்டைக்கு மாறியவர்களும் வங்கியில் அதைத் திருத்தி வைக்க வேண்டும்.

இன்னொன்று, மானியத்துக்குக் கொடுக்கிற கணக்கு உங்கள் தனிக் கணக்காக, நடப்பில் இருக்கிற கணக்காக இருக்க வேண்டும். வருடக்கணக்காகத் தொடாத புத்தகத்தை அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, அது உறங்கிப்போன கணக்கு என்று தெரியவந்தவர்கள் நிறையப் பேர். கடன் நிலுவை உள்ள கணக்கைக் கொடுப்பதற்கு முன்னும் யோசியுங்கள். காசு வந்த கையோடு நிலுவைக்குக் கழிந்துவிட்டால் பசளைக் கடைக்காரருக்கு என்ன சொல்வது? இலக்கத்தை வாயால் சொல்லாமல் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்து, கொடுத்த திகதியை நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பசளைக் கடைக்காரர் என்றதும் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். யூரியா பயிரின் வயதுக்குப் போட வேண்டியது. வங்கிக்கு அந்த வயது தெரியாது. 2024 காலபோகத்தில் அறிவித்த 25,000 இலும் முதலில் 15,000, மிச்சம் பிறகு என்றுதான் வந்தது. அதற்கிடையில் ஃபெங்கல் புயல் மழை வந்து வயலெல்லாம் வெள்ளம். நான் மானியத்தை எண்ணி விதைப்பதில்லை. உழவு, விதை, பசளை, வெட்டுக்கூலி என்று கணக்குப் போடும்போது மானியம் பூச்சியம் என்று வைத்தே போடுகிறேன். அப்படியும் கட்டுப்படியானால்தான் அந்தத் துண்டை விதைப்பது. பிறகு வருகிற காசை எள்ளுக்கு ஒதுக்கிவிடுவேன், பெரும்பாலும் மாசி உழவுக்கு. நெல்லுக்குப் பிந்தி வந்த காசு எள்ளுக்கு நேரத்துக்கு வந்த காசாகிவிடும். எள்ளுச் செலவில் உழவும் வெட்டுக்கூலியும்தான் பெரிது. உழவு அந்தக் காசில் ஓடிவிட்டால் பாதிப் பாரம் குறைந்த மாதிரி.

மேட்டுக்காணிக்காரருக்கு வேறு வழி என்று சொன்னேனே, அது பொருளாக வருகிற மானியம். விதை, நீர்ப்பாசனக் குழாய், தெளிகருவி என்று பாதி விலைக்குக் கொடுப்பார்கள், சில வேளை மாகாண விவசாயத் திணைக்களத்தால், சில வேளை தொண்டு நிறுவனங்களால். இதற்கு விவசாயப் போதனாசிரியரோடு பழக்கம் வேண்டும். பழக்கம் என்றால் கையூட்டு இல்லை. பயிற்சி வகுப்பு வைத்தால் போவது, வயல் விழா வைத்தால் போவது, உங்கள் தொலைபேசி இலக்கம் அவரிடம் இருப்பது. திட்டம் வந்தால் யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்கும்போது முகம் தெரிந்தவர்தான் ஞாபகத்துக்கு வருவார். பாதி விலை என்றால் மற்றப் பாதியை நீங்கள் முதலில் கட்ட வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் குழாய்த் தொகுதிக்குப் பெயர் கொடுத்த சிலர் அந்தப் பாதி இல்லாமல் கடைசி நேரத்தில் விலகினார்கள்.

விதை மானியத்தில் எனக்கு ஒரு சின்ன அவநம்பிக்கை உண்டு. விதை நல்லதுதான். திணைக்களம் வெளியிட்ட எள்ளு இனங்களும், இந்தி, திஸ்ஸ போன்ற கச்சான் இனங்களும் நாம் வீட்டில் வைத்திருப்பதைவிடச் சீராக விளையும். ஆனால் பொதி வருகிற நாளும் நிலத்தின் ஈரமும் ஒத்துவராது. எள்ளு விதைக்குப் பெரிய காசு ஒன்றும் போகாது, பத்துப் பரப்புக்கு 2 கிலோவே தாராளம். அதற்காக ஈரத்தை விடக்கூடாது. நான் சொந்த விதையில் விதைத்துவிடுவேன். மானிய விதை பிந்தி வந்தால் கிணற்றடியில் ஒரு பாத்தியில் போட்டு அடுத்த வருடத்துக்குப் பெருக்கிக்கொள்வேன். கச்சான் வேறு கதை. அதற்கு விதைச் செலவு பெரிது, பாதி விலைக்குக் கிடைத்தால் கட்டாயம் எடுக்க வேண்டும்.

அழிவு நட்டஈடு பற்றியும் ஒரு வார்த்தை. காப்புறுதிப் பட்டியலில் எள்ளு இல்லை என்றாலும், புயல், வெள்ளம் என்று பொதுவாகக் கணக்கெடுப்பு வரும்போது எல்லாப் பயிரையும் எழுதுவார்கள். காசு வருமா என்பது வேறு, எழுதுவார்கள். சித்திரையில் பிந்திய மழை வந்து எள்ளு தண்ணீரில் நின்று வாடினால், கோபத்தில் உடனே உழுது மறிக்காதீர்கள். உத்தியோகத்தர் வந்து பார்ப்பதற்கு அங்கே பயிர் இருக்க வேண்டும். தொலைபேசியில் படம் எடுங்கள், பின்னால் பனையோ கோயிலோ தெரியும்படி எடுத்தால் எந்த வயல் என்று வாதாடத் தேவையில்லை. அன்றைக்கே அறிவியுங்கள், அடுத்த நாள் எழுத்திலும் கொடுங்கள்.

பெயர் பட்டியலில் விடுபட்டுவிட்டது, ஏன் என்று யாரும் சரியாகச் சொல்கிறார்களில்லை என்றால் சண்டைக்குப் போகத் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். எங்கள் அமைப்பில் ஒருவர் அப்படிக் கேட்டார். அவரின் துண்டு பக்கத்துப் பிரிவின் இடாப்பில் போய் இருந்தது தெரியவந்தது. திருத்திக் கொடுத்துவிட்டார்கள். பழைய போகத்துக் காசு கிடைக்கவில்லை, அடுத்த போகத்திலிருந்து வருகிறது.

இதையெல்லாம் செய்து பழகிய பிறகு நான் பிடிவாதமாகச் செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. சிலர் அதை வீண் வேலை என்கிறார்கள். ஒவ்வொரு மாசியும் எள்ளு விதைத்த கையோடு, எத்தனை பரப்பு, எந்தத் துண்டு, என்ன இனம் என்று எழுதி, கமக்காரர் அமைப்பின் செயலாளரின் கையொப்பத்தோடு கமநல நிலையத்தில் கொடுத்துவிட்டு, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வருவேன். அதற்கு ஒரு சதம் வராது என்று எனக்கும் தெரியும். "பிறகேன் அண்ணை?" என்று அந்தப் பிள்ளையும் கேட்டார். எங்கள் பக்கத்து எள்ளு வீட்டுக்கும் செக்குக்கும் அயலுக்கும் போய் முடிந்துவிடுகிறது. எவ்வளவு விதைத்தார்கள் என்று ஒரு இடத்திலும் பதிவில்லை. கொழும்பில் எந்தப் பயிருக்கு மானியம், எதற்குக் காப்புறுதி என்று முடிவெடுக்கிறவருக்கு முன்னால் இருப்பது பதிவு மட்டும்தான். அதில் எள்ளு இல்லையென்றால் அவருக்கு எள்ளும் இல்லை.

போன பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது முன்வரிசையில் கொஞ்சம் முணுமுணுப்பு. ஏக்கர் கணக்கு எழுதிக் கொடுத்தால் வரியைக் கூட்டுவார்களோ என்று ஒருவர் கேட்டார். இது வரிக்கல்ல, ஏக்கர் வரி எப்படியும் வயலுக்குத்தான் என்று விளக்கினோம். கடைசியில், எள்ளு போட்டவர்கள் எல்லோரும் தனித்தனியாக அலையாமல் செயலாளரே ஒரே தாளில் எழுதிக் கொடுப்பது என்று முடிவானது. தாள் ஒன்று சுற்றிவர விட்டோம். கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிய பிறகும் ஒரு அம்மா மட்டும் அதை வைத்துக்கொண்டு இருந்தா. பேனை இல்லையாக்கும் என்று நினைத்து நீட்டினேன். "பேனை கிடக்கு தம்பி. எள்ளுக்குக் கீழ கச்சானையும் எழுதலாமோ?" என்று கேட்டா. எழுதச் சொன்னேன்.